ஒண்டாச்சி: ஒரே குடும்பத்தின் பெயர்

குடும்பப் பெயர்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் பெயரைத்தான் கேட்கின்றன. எனக்கும் மனசுக்கு மிகவும் நெருக்கமான விஷயம், அதனால் இந்த முறை முழுப் பக்கங்களையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவலை எழுதியவரை ஒரு பத்திரிகை ஒண்டாட்ஜே என்கிறது, இன்னொன்று ஒண்டாஜி என்கிறது. எது சரி? அது டச்சுப் பெயரா, தமிழ்ப் பெயரா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்களே!
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒண்டாச்சி என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போதும் நடுவில் 'டா' நீண்டு கடைசியில் 'ச்சி' என்றுதான் முடிகிறது. எழுத்தைப் பார்த்துப் படிப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம். ஓ, என், டி, ஏ, ஏ, டி, ஜே, இ (Ondaatje) என்று எட்டு எழுத்து. ஆங்கிலத்துக்குப் பழகிய கண் அந்த ஜே எழுத்தைப் பார்த்ததும் ஜகரம் என்று முடிவு செய்துவிடுகிறது. ஆனால் இதை எழுதியது ஆங்கிலக் கை இல்லை, டச்சுக் கை. டச்சு எழுத்துமுறையில் 'ஏஏ' என்று இரட்டித்தால் நெடில் ஆ. 'டிஜே' (tj) என்று சேர்ந்து வந்தால் நம்முடைய 'ச்ச' மாதிரி ஓர் ஒலி. டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் அச்சே மாநிலத்தை அந்த 'டிஜே' போட்டுத்தான் எழுதினார்கள், சிரெபோன் நகரத்தையும் அப்படித்தான். 1972இல் இந்தோனேசியா எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அது 'சி' என்ற ஒற்றை எழுத்தாக மாறியது.

இதற்கு இந்தோனேசியா வரை போகக்கூட வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுச் சமையலறையே போதும். இலங்கைத் தமிழில் பீன்ஸுக்கு போஞ்சி என்று பெயர். மேசை இழுப்பறைக்கு லாச்சி என்று பெயர். இரண்டும் டச்சிலிருந்து வந்தவை, இரண்டும் டச்சில் எழுதும்போது அதே 'டிஜேஇ'யில்தான் முடிகின்றன. டச்சுக்காரர் சொன்னதைத் தமிழ்க் காது 'ஞ்சி', 'ச்சி' என்று வாங்கிக்கொண்டது. ஒண்டாச்சி விஷயத்தில் அதே பாதையில் எதிர்த்திசைப் பயணம்: தமிழர் ஒருவர் தன் பெயரைச் சொன்னார், டச்சு எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழியின் வழக்கப்படி எழுதினார். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், பெயர் தமிழ், எழுத்து டச்சு. போஞ்சியையும் லாச்சியையும் தினமும் சொல்கிற இலங்கைத் தமிழர்களிடம் விட்டிருந்தால் இந்தப் பெயரை யாரும் ஒண்டாட்ஜே என்று படித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

'ஒந்தாச்சி' என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம்முடைய ண்ட, ந்த இரண்டையும் பிரித்துக் காட்ட டச்சு எழுத்தில் வழியில்லை, இரண்டுக்கும் ஒரே 'என்டி'தான். நான் ஒண்டாச்சியை எடுத்துக்கொள்வது இன்றைய உச்சரிப்புக்கு அது பக்கமாக இருப்பதால்.

கேள்வி: அந்தக் குடும்பத்தின் மூதாதையர் தஞ்சாவூர் வைத்தியர் என்று எங்கோ படித்தேன். உண்மையா, கதையா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான், ஆனால் கூடவே ஒரு கதையும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

வரலாற்றுக் குறிப்புகளில் வருவது இது. 1659இல் கொழும்பில் இருந்த டச்சு ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழ் வைத்தியரை வரவழைத்தார்கள். அவர் அங்கேயே தங்கிவிட்டார், கிறிஸ்தவரானார், போர்த்துகீசிய வழியில் வந்த பெண்ணை மணந்தார். மைக்கேல் யூரி ஒண்டாச்சி என்று பதிவானார். யூரி, யூரியான் என்பதெல்லாம் ஜார்ஜ் என்ற பெயரின் டச்சு வடிவங்கள்; இந்தக் குடும்பத்தில் பிறகு வந்த பலருக்கும் அது நடுப்பெயராகத் தொடர்ந்தது.

இப்போது அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1656இல்தான் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் போனது, அதே வருடம் இந்தப் பக்கம் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்கு வந்தது. தஞ்சையில் அப்போது விஜயராகவ நாயக்கர் ஆட்சி. நாகப்பட்டினத்தில் டச்சுக் கொடி ஏறிய மறு வருஷமே தஞ்சை வைத்தியர் ஒருவர் கொழும்புக்குப் போகிறார் என்றால் அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. நாகையிலிருந்து கொழும்புக்கு டச்சுக் கப்பல்கள் போய்வரத் தொடங்கிய காலம் அது, ஐரோப்பாவிலிருந்து ஒரு மருத்துவர் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், தஞ்சை பக்கத்திலேயே இருந்தது. உள்ளூர் நோய்க்கு உள்ளூர் மருந்து தெரிந்தவர்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மைக்கேல் ஒண்டாச்சி தன் குடும்பத்தைப் பற்றி 1982இல் 'ரன்னிங் இன் தி ஃபேமிலி' என்ற நூல் எழுதினார். அதில் இதே செய்தி வேறு முகத்தோடு வருகிறது: மூதாதை 1600இல் வருகிறார், குணப்படுத்தியது ஆளுநரின் மகளை, ஏதோ விசித்திரமான மூலிகை, வெகுமதியாக நிலமும் வெளிநாட்டு மனைவியும் புதுப் பெயரும் கிடைக்கின்றன. மனைவி மகளாகிவிட்டார், அறுபது வருடம் பின்னால் போய்விட்டது, மூலிகைக்கு மர்மம் கூடிவிட்டது. முன்னூறு வருடம் வாய்வழி வந்த கதை அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் அதிகம் மதிப்பது கதையில் மாறாமல் நின்ற பகுதியைத்தான், அதாவது வைத்தியர், ஆளுநர் வீட்டுப் பெண், வைத்தியத்துக்குப் பிறகு கொழும்பிலேயே தங்கிப்போனது. அந்த எலும்புக்கூடு பதிவோடு ஒத்துப்போகிறது. தன் மூதாதையின் சொந்தப் பெயரே டச்சு எழுத்தில் புதுப் பெயராகக் கிடைத்தது என்பதையும் அவர் அங்கே சொல்கிறார்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் குலக்கதையைப் 'பொய்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: ஒண்டாச்சி என்றால் அர்த்தம் என்ன?
— ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: டச்சு மொழியில் அதற்கு அர்த்தம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டச்சில் 'டிஜேஇ' என்பது சின்னது என்று காட்டும் விகுதி. போஞ்சிக்கு மூலமான சொல்லுக்குச் சின்ன அவரை என்று பொருள், லாச்சிக்கு மூலமானதற்குச் சின்ன இழுப்பறை. அதனால் இந்தப் பெயரையும் 'சின்ன' என்று தொடங்கிப் பொருள் சொல்லிவிட ஆசை வரும், டச்சுக்காரர் ஒருவர் முதல்முறை பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே அது விகுதி இல்லை, 'ச்சி' என்ற ஒலியை எழுத அவர்களிடம் இருந்த வழி, அவ்வளவுதான்.

தமிழில் அது ஒரு மனிதரின் பெயர், 'ச்சி' ஒலியில் முடிகிற பெயர். அதை ஆச்சி என்று பிரித்துச் செட்டிநாட்டு ஆச்சியோடு இணைப்பது, ஆட்சி என்று நீட்டி அரச பரம்பரை ஆக்குவது, இதெல்லாம் வேண்டாம். பெயர்ப் பொருள் சொல்லும் இணையப் பக்கங்கள் உலகத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் ஒரு பொருளும் ஒரு அதிர்ஷ்ட எண்ணும் தருகின்றன, அவற்றை நம்பிப் பள்ளிக் கட்டுரையிலோ கல்லூரி ஆய்விலோ எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒண்டாச்சி குடும்பம் செட்டியார்கள் என்கிறார்களே! அப்படியானால் நம் காரைக்குடி நகரத்தார்களா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. அவர்களைச் செட்டியார் என்று சொல்வது கொழும்புச் செட்டிகள் என்ற பொருளில், அது தனிச் சமூகம். போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்திலேயே தமிழகக் கரையிலிருந்து போய்க் கொழும்பில் வேரூன்றியவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கராகவோ ஆங்கிலிக்கனாகவோ ஆனவர்கள். உங்கள் பக்கத்து நகரத்தார்கள் லேவாதேவிக்காக இலங்கை போனது அதற்கு வெகுகாலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டில். கொழும்பில் இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் குழப்பிக்கொள்வதில்லை. 2012 குடிசன மதிப்பில்கூட 'இலங்கைச் செட்டி' என்று தனி இனமாக ஒரு வகை இருக்கிறது.

கொழும்புச் செட்டிப் பெயர்களைக் காதால் படித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் பழைய தமிழ்ப் பெயராகத் திறந்துகொள்ளும். கண்டப்பா என்று ஆங்கில எழுத்தைப் படிக்கிறார்களே, அது கந்தப்பா. முத்துகிஸ்னா என்று ஒரு பெயர், முத்துக்கிருஷ்ணன்தான் அது; அந்தப் பெயர் கொண்ட ஹென்றி பிரான்சிஸ் முத்துகிஸ்னா 1862இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தைப் பதிப்பித்தார். காசிச்செட்டி இன்னொரு பெயர். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியைத் தமிழ் இலக்கிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1834இல் இலங்கை அகராதி ஒன்றை ஊர் ஊராகத் தொகுத்து வெளியிட்டவர், 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்று தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதியவர். உ.வே.சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோதே ஒருவர் புத்தளம், சிலாபம் பக்கம் அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஔவையாரையும் கம்பரையும் பற்றி உலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரை நாம் இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும். அவருடைய பெயரையும் ஆங்கிலத்தைப் பார்த்து 'கேசி சிட்டி' என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

கேள்வி: இந்தப் பெயர் எவ்வளவு பேருக்கு இருக்கும்? இலங்கையில் பரவலான பெயரா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எந்தக் காலத்திலும் பரவலாக இருந்ததில்லை. பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா போன்ற பெயர்கள் இலங்கையில் வீதிக்கு வீதி கிடைக்கும், ஏனென்றால் போர்த்துகீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மொத்த மொத்தமாக அந்தப் பெயர்கள் வைக்கப்பட்டன. ஒண்டாச்சி அப்படி வந்ததில்லை. ஒரு மனிதர், அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். அதனால் உலகத்தில் எங்கே ஒரு ஒண்டாச்சியைப் பார்த்தாலும் அவர் கொழும்போடு தொடர்புடையவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட பெயர்கள் உலகத்தில் குறைவு.

எண்ணிக்கை குறைவு, ஆனால் பெயர் தெரிந்த அளவு அதிகம், அதற்குக் காரணம் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் கிறிஸ்டோபர், 1933இல் பிறந்தவர், கனடாவில் பங்குச் சந்தையிலும் பதிப்புத் தொழிலிலும் பெரும் பணம் ஈட்டியவர், 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் பனிச்சறுக்கு வண்டி அணியில் இருந்தவர். ஈட்டியதைக் கலைக்கும் இலக்கியத்துக்கும் கொடுத்தார்: லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் 2000இல் திறந்த ஒரு பகுதிக்கு ஒண்டாச்சி பெயர்தான், 2004 முதல் ஓர் இடத்தின் உயிரை எழுத்தில் கொண்டுவரும் நூலுக்கு ஒண்டாச்சி பரிசு என்று வருடாவருடம் வழங்குகிறார்கள். இளையவர்தான் நம் மைக்கேல். 1943இல் கொழும்பில் பிறந்து, 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் போனவர். 1992இல் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவலுக்காகப் புக்கர் பரிசைப் பாரி அன்ஸ்வொர்த்தோடு பகிர்ந்துகொண்டார், 2018இல் புக்கரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி வாசகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 'கோல்டன் புக்கர்' அதே நாவலுக்குக் கிடைத்தது. அதைப் படமாக எடுத்து ஒன்பது ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் கண்டுபிடித்த ஒரு குட்டிச் சிலந்தி இனத்துக்கு 2016இல் ஆராய்ச்சியாளர்கள் 'ஒண்டாச்சி' பெயரைச் சேர்த்து அறிவியல் பெயர் வைத்தார்கள், ஆக தஞ்சை வைத்தியரின் பெயர் இப்போது விலங்கியல் புத்தகத்திலும் இருக்கிறது.

இவர்களுக்கு முன் 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சி என்று ஒரு மருத்துவர் இருந்தார், தாவரவியல் அறிந்தவர், பேராதனைத் தாவரவியல் பூங்காவைச் சில காலம் பொறுப்பில் வைத்திருந்தார். மூலிகை தெரிந்த மூதாதைக்குப் பொருத்தமான வாரிசு.

கேள்வி: ஒண்டாச்சி என்ற பெயரில் ஒருவர் நெதர்லாந்தில் புரட்சி செய்தார் என்று ஒரு நண்பர் சொன்னார். நம்ப முடியவில்லை.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்புங்கள். இந்தப் பெயரைப் பற்றி எழுத எனக்குக் கிடைத்த வாய்ப்பில் இந்தப் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

பெயர் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. 1758இல் கொழும்பில் பிறந்தார். அப்பா வில்லெம் யூரியான் நெதர்லாந்தில் படித்துத் திரும்பிய பாதிரியார், அம்மா ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குவின்ட். அம்மாவின் குடும்பப் பெயர் மகனுக்கு நடுப்பெயரானது, அவரைச் சரித்திரம் குவின்ட் ஒண்டாச்சி என்றே அழைக்கிறது. இளம் வயதிலேயே படிக்க நெதர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1780களின் நெதர்லாந்து கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆரஞ்சு வம்சத்து ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியமுக்கும், நகரசபைகளைப் பரம்பரையாகக் கையில் வைத்திருந்த சில குடும்பங்களுக்கும் எதிராகத் 'தேசபக்தர்கள்' என்ற இயக்கம் கிளம்பியது. நகரசபையைக் குடிமக்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கோரிக்கை, அதற்காகச் சாதாரண மக்கள் ஆயுதப் பயிற்சி எடுத்துத் தன்னார்வப் படைகள் அமைத்தார்கள். உத்ரெக்டில் அந்த இயக்கத்தின் குரலாக நின்றவர் இருபது வயதுகளில் இருந்த இந்த மாணவர். 1786இல் அந்த நகரத்தில் பழைய சபை போய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை பதவியேற்றது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருடம் முன்னால் இது நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்! தஞ்சாவூர் வைத்தியரின் வம்சத்தில் வந்த ஒருவர், கொழும்பில் பிறந்தவர், ஐரோப்பிய நகரம் ஒன்றில் மக்களாட்சிக்காகக் கூட்டத்தின் முன் நின்று பேசியிருக்கிறார், அவர் சொன்னதை அந்த நகரத்து மக்கள் கேட்டிருக்கிறார்கள்.

அது நீடிக்கவில்லை. 1787இல் வில்லியமுக்கு ஆதரவாகப் பிரஷ்யப் படை உள்ளே வந்தது, தேசபக்தர்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள், குவின்ட்டும் நாடுகடந்து பிரான்சுப் பக்கம் போனார். 1795இல் பிரெஞ்சுப் படையின் பின்னால் திரும்பி வந்தார், நெதர்லாந்தில் பத்தாவியக் குடியரசு என்ற புதிய ஆட்சி அமைந்தது, அரசுப் பணிகளில் இருந்தார். மறு வருடமே இங்கே கொழும்பு பிரித்தானியர் கைக்குப் போய்விட்டது, அவர் பிறந்த ஊர் அவருடைய நாடாக இல்லாமல் ஆனது. கடைசியில் கிழக்கே வந்தார், ஆனால் இலங்கைக்கு இல்லை, ஜாவாவுக்கு. 1818இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார்.

தமிழில் இவரைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று வர வேண்டும். டச்சு தெரிந்த தமிழர்கள் நெதர்லாந்தில் இன்று எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது எடுத்துச் செய்தால் நான் முதல் பிரதி வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: கிரேஷியன் பரிசு என்று இலங்கையில் ஒரு பரிசு கொடுக்கிறார்களே, அது யார் பெயர்?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: மைக்கேல் ஒண்டாச்சியின் அம்மா டோரிஸ் கிரேஷியன். புக்கர் பணத்தைப் போட்டு, இலங்கையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காக மைக்கேல் ஏற்படுத்திய பரிசு. அப்பா பெயரைத் தான் சுமக்கிறார், அம்மாவின் பெயர் பரிசில் நிற்கிறது. ஐரோப்பியர் வழி வந்த இலங்கைப் பரங்கியர் குடும்பப் பெயரான அதுவும் அரிய பெயர்தான். 2008இல் அந்தப் பரிசை வாங்கிய ஷெஹான் கருணாதிலக்க 2022இல் புக்கரையே வாங்கினார்.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். என் அப்பாவின் பெயரை இங்கே எனக்குக் குடும்பப் பெயராகப் போட்டார்கள், இப்போது என் பிள்ளைகளுக்கும் அதுவே தொடர்கிறது. அதாவது அவர்களின் தாத்தா பெயர் அவர்களுக்குக் குடும்பப் பெயர். ஊரில் எங்களுக்கு இப்படி வழக்கமே இல்லை. இது செயற்கையான பெயர்தானே, மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: மாற்றாதீர்கள் ஐயா. உலகத்துக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இப்படித்தான் பிறந்தது, எவரோ ஓர் அதிகாரி ஒரு தலைமுறையில் எழுதி நிறுத்திய பெயர். உங்கள் அப்பாவின் பெயர் டொராண்டோ அலுவலகத்தில் நின்றது, ஒண்டாச்சியின் பெயர் கொழும்பு டச்சுக் கந்தோரில் நின்றது, நடுவில் இருப்பது மூன்றரை நூற்றாண்டு மட்டும்.

ஒரே குடும்பத்தில் இரண்டு வழியும் இருந்ததற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி என்பவர் இலங்கைச் சட்டசபையின் முதல் தமிழ் உறுப்பினர், 1836இல் காலமானார். அவருடைய மகன் முத்து குமாரசுவாமி, இங்கிலாந்தில் போய் பாரிஸ்டர் ஆனவர்; நம் முறைப்படி அப்பா பெயர் முன்னால் வந்திருக்க வேண்டும், ஆங்கில முறையில் பின்னால் போனது. அவருடைய மகன்தான் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அங்கே குமாரசுவாமி என்பது தாத்தாவின் பெயர், உங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்த அதே கணக்கு. இன்று அதை யார் செயற்கை என்று சொல்வார்கள்? அதே பெரியவரின் மகள்வழிப் பேரர்கள் பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். அவர்கள் கிளையில் அப்பா பெயர் முன்னாலேயே நின்றது, தலைமுறைக்குத் தலைமுறை மாறியது, அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. இரண்டு கிளையும் ஒரே குடும்பம், இரண்டுமே முழுத் தமிழ்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தத் தாத்தாவின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுங்கள், அவர் யார், என்ன செய்தார் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ஒண்டாச்சி குடும்பத்தில் யாராவது 1659இல் ஓர் ஓலையில் தமிழில் எழுதி வைத்து அது நமக்குக் கிடைத்திருந்தால் மதுரை மாணவிக்கு நான் இன்னும் நல்ல பதில் கொடுத்திருப்பேன்.

கேள்வி: எங்கள் குடும்பமும் டச்சுக்காலத்தில் இலங்கை போய் வந்தது என்று பாட்டி சொல்வார். பழைய பதிவுகளில் தேட முடியுமா? எங்கே போவது?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முடியும், பொறுமை வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எதையும் எழுதி வைக்காமல் விட்டதில்லை. இலங்கையில் நிலம் யாருடையது, வீட்டில் யார் யார் என்று ஊர்வாரியாகப் பதிந்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர், யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் வழங்குகிற சொல். பள்ளிக்கூடத் தோம்பு என்று தனியாக ஒன்று உண்டு, அதில் ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிவாகியிருக்கும். கொழும்பில் இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. கம்பெனியின் தலைமைப் பதிவுகள் நெதர்லாந்தில் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அங்கேயும் டச்சு ஆவணங்கள் உண்டு. இந்தக் கம்பெனி ஆவணங்கள் முழுவதையும் யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது, அவ்வளவு மதிப்புள்ளவை.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டி சொன்ன பெயர்களை, ஊர்களை எல்லாம் தமிழில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு டச்சுக்காரர் காதால் கேட்டு எழுதினால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். ஊகாரத்துக்கு 'ஓஇ' போடுவார்கள், இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோவின் பெயரைப் பழைய டச்சு முறையில் அப்படித்தான் எழுதினார்கள். ஆகாரத்துக்கு 'ஏஏ' வரும். ச்ச வருகிற இடத்தில் 'டிஜே' தேடுங்கள். ழ, ள, ல மூன்றும் ஒரே எழுத்தாக இருக்கும். அப்புறம், ஒரே எழுத்தர் ஒரே மனிதரை இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியிருப்பார், அதனால் ஒரு வடிவம் கிடைக்கவில்லை என்றதும் ஏட்டை மூடிவிடாதீர்கள். பெயரோடு ஊரையும், முடிந்தால் தொழிலையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.